தீ அடைப்பான் சோதனை

தீ அடைப்பான் சோதனை என்பது, கட்டடங்களின் காற்றோட்டக் குழாய்களிலும் குளிர்பதனக் குழாய்களிலும் பொருத்தப்பட்டுள்ள தீ அடைப்பான்கள், தீ நேரும்போது தாமாகவே முழுமையாக மூடிக்கொள்ளுமா என்பதை அறியச் செய்யப்படும் சோதனை ஆகும். தீ அடைப்பானைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஃபயர் டேம்பர் என்றும், காற்றுக்குழாயை டக்ட் என்றும் அழைப்பர். இக்கருவி ஒரு கட்டடத்தின் ஆயுட்காலம் முழுவதும் திறந்த நிலையிலேயே இருக்கக்கூடும். தேவைப்படும் அந்த ஒருமுறை மட்டும் மூடவேண்டும். அந்த ஒருமுறை மூடுமா என்பதை முன்கூட்டியே அறிய, அதனை இயக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெரும்பாலான அடைப்பான்கள் பொய்க்கூரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அமைந்துள்ளன. தீயணைப்பான் உருளையைப் போல இவை சுவரில் தொங்குவதில்லை. ஆகவே கட்டடத்தில் உள்ள தீப்பாதுகாப்புக் கருவிகளுள் மிக எளிதில் மறக்கப்படுவது இதுவே எனலாம்.

அமைப்பும் இயங்குமுறையும்

பெரிய கட்டடங்கள் தீப்பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. ஒரு பிரிவில் பற்றிய தீ குறிப்பிட்ட நேரத்திற்கு (எடுத்துக்காட்டாக 2 மணி நேரம்) அடுத்த பிரிவுக்குச் செல்லாதவாறு சுவர்களும் தளங்களும் கட்டப்படும். ஆனால் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் இச்சுவர்களைத் துளைத்துக்கொண்டே செல்லவேண்டியுள்ளது. துளைத்த இடத்தில் சுவரின் காப்புத்திறன் அற்றுப்போகிறது. அந்த இடத்தில் சுவருக்கு ஈடாக நிற்பதே தீ அடைப்பானின் பணி.

எளிய வகை அடைப்பான் ஒன்றில் எஃகுச் சட்டகம், ஒன்றோடொன்று கோத்த தகட்டு மடல்கள், ஒரு சுருள்வில், ஓர் உருகு இணைப்பு ஆகியவை இருக்கும். மடல்கள் கடையின் உருட்டுக்கதவைப் போல மேலே மடித்து வைக்கப்பட்டு, உருகு இணைப்பினால் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். உருகு இணைப்பு என்பது தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலப்புலோகப் பற்றினால் ஒட்டப்பட்ட இரு சிறு தகடுகளே. பிசுமத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றின் கலவையான வுட் உலோகம் ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பது பள்ளி வேதியியலிலும் கற்பிக்கப்படுவதே. அடைப்பான்களில் பெரும்பாலும் 72 அல்லது 74 பாகையில் உருகும் இணைப்புகள் பயன்படுகின்றன. இணைப்பு உருகியதும் மடல்கள் விழுந்து குழாயை அடைக்கும். கீழே உள்ள கொக்கி அவற்றைப் பூட்டிக்கொள்ளும்.

சுவரில் செங்குத்தாக நிற்கும் அடைப்பானில் மடல்கள் தம் எடையாலேயே விழுந்துவிடக்கூடும். தளத்தைத் துளைத்துச் செல்லும் குழாயில் அடைப்பான் கிடைமட்டமாக அமைவதால் எடை உதவாது. வில்லின் இழுவிசை மட்டுமே மூடும். இதனால் தள அடைப்பான்களில் வில்லின் நிலை தனிக்கவனம் பெறுகிறது.

இரண்டாவது வகை, மின்னியக்கி பொருத்தப்பட்டது. இதில் மடல்கள் அச்சில் சுழலும். மின்னோட்டம் இருக்கும்வரை மோட்டார் வில்லை முறுக்கிப் பிடித்து மடல்களைத் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றாலோ, தீ எச்சரிக்கைப் பலகையிலிருந்து ஆணை வந்தாலோ வில் விடுபட்டு மூடிவிடும். பழுது நேர்ந்தால் பாதுகாப்பான பக்கமே சாயும் இவ்வமைப்பு மிகவும் விரும்பப்படுகிறது. மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் இவ்வகை அடைப்பான் ஒவ்வொரு தடையின்போதும் மூடித் திறக்கும். அது கேளாமலே நடக்கும் ஒரு சோதனை போன்றதுதான். எனினும் இயக்கி விரைவில் தேய்ந்துவிடுகிறது.

இவ்விரண்டினின்றும் வேறானது புகை அடைப்பான். இது வெப்பத்திற்காகக் காத்திராமல், புகையுணரி கொடுக்கும் குறிப்பினாலேயே மூடும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் உயிர்ச்சேதத்தின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் இதுவே. தீயிடத்திலிருந்து தொலைவுக்குச் செல்லும் புகை வழியில் குளிர்ந்துவிடும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு கொல்லும் அளவுக்கு இருந்தாலும், அதன் வெப்பம் 72 பாகையை எட்டாதிருக்கலாம். உருகு இணைப்பு அசையாது. மனிதர் மயங்கி விழுவர். காற்றுக்குழாயில் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சென்றால், 60 மீட்டர் தொலைவிலுள்ள அறையைப் புகை 12 விநாடிகளில் அடைந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். தீ அறியப்பட்டவுடன் காற்றை உந்தும் விசிறிகள் நிறுத்தப்படவேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

புகை வெளியேற்றும் குழாய்களில் உள்ள அடைப்பான்கள் இதற்கு நேர்மாறானவை. அவை தீயின்போது திறக்கவேண்டும். ஒரே கூரைக்கு மேலே இருவகையும் அடுத்தடுத்து இருப்பதால், சோதனை செய்பவர் முதலில் எது எவ்வகை என்பதை வரைபடத்தைக் கொண்டு அறிந்துகொள்ளவேண்டும்.

குழாய்வழிப் புகை பரவிய நிகழ்வுகள்

நவம்பர் 21, 1980 அன்று ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகாசு நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் ஏற்பட்ட தீயில் 85 பேர் இறந்தனர். தீ தரைத்தளத்து உணவகத்தில் தோன்றிச் சூதாட்டக் கூடத்தை எரித்தது. 26 மாடிக் கோபுரத்தின் உயர்தளங்களுக்கு அது செல்லவே இல்லை. ஆயினும் இறந்தவருள் பெரும்பாலோர் உயர்தளங்களில் தங்கியிருந்தவர்கள். மாடிப்படிகள், மின்தூக்கிக் கூண்டுகள், கட்டட இடைவெளிகள் ஆகியவற்றோடு காற்றோட்டக் குழாய்களும் புகையை மேலே கொண்டுசென்றன. அடைப்பான்கள் சில மூட இயலாத நிலையில் பொருத்தப்பட்டிருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. கருவி இருந்தும் பயன்படவில்லை என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்தியாவில் பெரிதும் பேசப்பட்டது தில்லி உப்கார் திரையரங்கத் தீ. ஜூன் 13, 1997 அன்று பிற்பகல் காட்சியின்போது, தரைத்தள வண்டி நிறுத்தத்தை ஒட்டியிருந்த மின்மாற்றி தீப்பற்றியது. அதே மின்மாற்றியில் அன்று காலையிலும் தீ தோன்றி, பழுதுபார்க்கப்பட்டிருந்தது. புகை படிக்கட்டு வழியாகப் புகைபோக்கியில் ஏறுவது போல் மேலேறியது. குளிர்பதன அமைப்பின் வழியாகவும் அரங்கினுள் புகுந்தது. மாடத்தில் கூடுதல் இருக்கைகள் போடப்பட்டு வெளியேறும் வழி குறுகியிருந்தது. 59 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். இறந்தவர்களின் குடும்பத்தினர் சங்கமாகத் திரண்டு நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று பல ஆண்டுகள் நீடித்தது.

டிசம்பர் 9, 2011 அன்று விடியற்காலையில் கொல்கத்தாவின் தாக்குரியாப் பகுதியிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் நேர்ந்த தீயே இப்பொருளுக்கு மிக நெருங்கிய இந்திய நிகழ்வாகும். வண்டிகள் நிறுத்துவதற்கென ஒதுக்கப்பட்ட கீழ்த்தளம் பண்டகசாலையாகப் பயன்படுத்தப்பட்டுவந்தது. அங்குத் தோன்றிய தீயின் புகை குளிர்பதனக் குழாய்களின் வழியே மேல்மாடி நோயாளர் கூடங்களுக்குப் பரவியது. கட்டடத்தின் முகப்பு கண்ணாடியால் மூடப்பட்டிருந்ததால் புகை வெளியேற வழியில்லை. படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளர்கள் உட்படச் சுமார் 90 பேர் இறந்தனர். அருகிலிருந்த குடிசைப்பகுதி மக்கள் முதலில் ஓடிவந்து மீட்புப் பணியில் இறங்கினர். கேரளத்தைச் சேர்ந்த இரு இளம் செவிலியர் நோயாளர்களை வெளியே கொண்டுவந்து சேர்த்தபின் மீண்டும் உள்ளே சென்று உயிரிழந்தனர். இந்நிகழ்வுக்குப் பின் பல மாநிலங்களில் மருத்துவமனைகளின் தீப்பாதுகாப்பு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

மருத்துவமனையில் இக்கருவியின் இன்றியமையாமை மற்ற கட்டடங்களைவிட மிகுதி. அலுவலகத்தில் மணி ஒலித்தால் மக்கள் படியிறங்கி வெளியேறிவிடுவர். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, அறுவை நடந்துகொண்டிருக்கும் அரங்கிலோ உள்ளவரை உடனே வெளியேற்ற முடியாது. அவர்களை அதே தளத்தில் உள்ள அடுத்த தீப்பிரிவுக்கு நகர்த்துவதே முறை. அடுத்த பிரிவுக்குள் குழாய்வழிப் புகை வந்துவிட்டால் நகர்த்துவதில் பொருளில்லை.

அணுமின் நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. மார்ச் 31, 1993 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் முதல் அலகின் சுழலியில் இரு அலகுகள் முறிந்தன, வெளியேறிய ஐதரசனும் எண்ணெயும் பற்றிக்கொண்டன, மின்வடங்கள் எரிந்தன. சுழலிக் கூடத்துப் புகை காற்றோட்ட உள்வாய் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்ததால், இயக்குபவர்கள் அவ்வறையை விட்டு வெளியேற நேரிட்டது. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. உலை உடனே நிறுத்தப்பட்டுவிட்டதால் கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இது 3 ஆம் நிலையாக வகைப்படுத்தப்பட்டது. இதனையடுத்து நாட்டின் பிற அணுமின் நிலையங்களின் தீத்தடுப்பு ஏற்பாடுகளும் மறு ஆய்வு செய்யப்பட்டன.

ஆய்வகச் சோதனை

சோதனை என்ற சொல் இரு வேறு செயல்களைக் குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. முதலாவது, ஒரு மாதிரி அடைப்பானை உலையில் இட்டு அதன் தாங்குதிறனை அளக்கும் ஆய்வகச் சோதனை. இது வகைக்கு ஒருமுறை செய்யப்படுவது. இரண்டாவது, கட்டடத்தில் பொருத்தப்பட்ட ஒவ்வோர் அடைப்பானையும் இயக்கிப் பார்ப்பது. முதலாவது சோதனையின் சான்றிதழைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆய்வக உலையில் வெப்பம் ஒரு வரையறுக்கப்பட்ட வளைகோட்டின்படி உயர்த்தப்படும். ஐ.எசு.ஓ. 834 வளைகோட்டின்படி 30 நிமிடத்தில் சுமார் 840 பாகையும், 60 நிமிடத்தில் 945 பாகையும், 120 நிமிடத்தில் ஏறத்தாழ 1,050 பாகையும் எட்டப்படும். அமெரிக்காவின் யு.எல். 555 நெறியில், உலையிலிருந்து எடுத்த அடைப்பானின் மீது உடனே தீயணைப்புக் குழாய் நீரைப் பீய்ச்சி அடிப்பர். செந்தழலாக உள்ள எஃகு திடீரெனக் குளிரும்போது கோணிப் பிரிந்துவிடுகிறதா என்பதை இது காட்டும். பலமுறை மூடித் திறத்தல், உப்புத்தூவல், காற்றோட்டத்தில் மூடுதல் ஆகிய சோதனைகளும் இந்நெறியில் உள்ளன.

காற்றோட்டத்தில் மூடும் சோதனை குறிப்பிடத்தக்கது. விசிறி நின்றபின் மட்டும் மூடவல்ல அடைப்பான் நிலை வகை எனவும், விசிறி ஓடும்போதே எதிர்க்காற்றில் மூடவல்லது இயங்கு வகை எனவும் பகுக்கப்படும். விசிறி தானாக நிற்காத அமைப்பில் நிலை வகையைப் பொருத்தினால், காற்றின் விசை மடல்களைப் பாதியிலேயே தடுத்து நிறுத்திவிடும். கையால் இயக்கிப் பார்த்தபோது நன்றாக மூடிய அடைப்பான், தீயன்று மூடாமற்போவதற்கு இது ஒரு காரணம்.

ஐரோப்பிய நெறியான இ.என். 1366-2, கசிவையே அளவுகோலாகக் கொள்கிறது. உலையில் ஏற்றும் முன் அடைப்பான் 50 முறை மூடித் திறக்கப்படும். பின்னர் உலையில் 300 பாசுகல் அழுத்த வேறுபாட்டில் வைத்து, மடல்களின் வழியே கசியும் வளிமம் தொடர்ந்து அளக்கப்படும். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 360 கன மீட்டருக்குக் குறைவாகக் கசிந்தால் தீத் தடுப்பு வகுப்பும், 200 கன மீட்டருக்குக் குறைவாகக் கசிந்தால் புகைத் தடுப்பு வகுப்பும் வழங்கப்படும்.

இந்தியாவில் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தீ ஆய்வகத்தில் இத்தகைய சோதனைகள் செய்யப்படுகின்றன. இந்திய ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் ‘யு.எல். 555 நெறிப்படி சி.பி.ஆர்.ஐ. சோதனை பெற்றது’ என்ற தொடர் வழக்கமாகக் காணப்படும். அதில் குறிக்கப்படும் யு.எல். 555 சில வேளைகளில் 1973 ஆம் ஆண்டுப் பதிப்பாக இருக்கும். இதன் பின் அந்நெறி பலமுறை திருத்தப்பட்டுவிட்டது என்பதை ஒப்பந்தம் எழுதுவோர் கவனிப்பது நன்று.

கட்டடத்தில் செய்யப்படும் சோதனை

முதலில் வேண்டுவது பட்டியல். எந்தத் தளத்தில், எந்தச் சுவரில், எந்தக் குழாயில், எந்த வகை அடைப்பான் உள்ளது என்பது எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். பழைய கட்டடங்களில் இப்பட்டியல் கிடைப்பதில்லை. குழாய்களைப் பின்தொடர்ந்து, தீச்சுவரைத் தொடும் ஒவ்வோர் இடத்தையும் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலையாகிவிடும்.

சோதனைக்கு முன் கட்டடப் பொறுப்பாளர், தீ எச்சரிக்கைப் பலகையைக் கண்காணிப்பவர், குளிர்பதனப் பிரிவினர் ஆகியோருக்கு அறிவிக்கவேண்டும். மருத்துவமனையாயின் அறுவை அரங்கு, தொற்றுத் தனிமை அறை ஆகியவற்றின் காற்றழுத்தம் மாறும் என்பதால் மருத்துவப் பொறுப்பாளரின் ஒப்புதலும் தேவை. அதன் பின் அப்பகுதிக்குக் காற்றை அனுப்பும் அலகு (ஏ.எச்.யு.) நிறுத்தப்படும். விசிறி ஓடும்போது பெரிய குழாய்களில் அடைப்பானைத் திடீரென மூடினால், உள்ளழுத்தம் மாறிக் குழாய்த் தகடு உப்பவோ உள்வாங்கவோ கூடும்.

குழாயின் பக்கத்தில் உள்ள ஆய்வுக் கதவைத் திறந்து முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். மடல்களுக்கிடையே தூசி, துரு, எலிக்கூடு, காப்புப் பஞ்சின் கிழிசல் ஏதும் உள்ளதா, உருகு இணைப்பு உரிய வெப்பநிலைக்கானதா, அதன்மேல் வண்ணம் பூசப்பட்டுள்ளதா என்பவை நோக்கப்படும். பின் உருகு இணைப்பைக் கையால் கழற்றி மடல்களை விடுவிப்பர். இவ்வேளையில் கையை மடல்களின் வழியில் வைத்தல் கூடாது. வில்விசையால் விழும் தகடு விரலைத் துண்டிக்கும் அளவுக்குக் கூர்மையும் விசையும் உடையது.

மடல்கள் இடையில் நில்லாமல் இறுதிவரை சென்று கொக்கியில் பூட்டிக்கொண்டால் தேறியது. முக்கால் பங்கு மூடியது தேறியதாகாது. கையால் தட்டியபின் மூடியதும் தேறியதாகாது, ஏனெனில் தீயன்று தட்டுவதற்கு அங்கு யாரும் இருக்கமாட்டார். மூடிய நிலை ஒளிப்படம் எடுக்கப்பட்டு, மடல்கள் மீண்டும் உயர்த்தப்பட்டு, இணைப்பு மாட்டப்பட்டு, திறந்த நிலையும் படமெடுக்கப்படும். இந்த இரண்டாவது படம் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் சோதித்துவிட்டுத் திறக்க மறந்த அடைப்பானால் ஒரு பகுதி முழுவதும் காற்றின்றிப் புழுங்குவதும், காரணம் அறியாமல் பணியாளர்கள் குளிரூட்டியைப் பழுதுபார்ப்பதும் இத்துறையில் பழகிய கதைகள்.

மின்னியக்கி வகையில் சோதனை சற்று எளிது. எச்சரிக்கைப் பலகையிலிருந்தோ கட்டட மேலாண்மைக் கணினியிலிருந்தோ ஆணை கொடுத்து, மூடிய நிலையைக் காட்டும் முனைச் சாவியின் குறிப்பு வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் முனைச் சாவி அச்சின் சுழற்சியைத்தான் காட்டுகிறது. அச்சுக்கும் மடலுக்கும் இடையிலுள்ள இணைப்பு கழன்றிருந்தால், மடல் திறந்தே இருக்க, திரையில் ‘மூடியது’ என்றே தோன்றும். ஆதலால் கணினிச் சோதனையோடு கண்ணால் காண்பதும் வேண்டும். இதனோடு, ஒரு புகையுணரியைத் தூண்டினால் உரிய விசிறி நிற்கிறதா, உரிய அடைப்பான் மூடுகிறதா, புகை வெளியேற்றும் விசிறி ஓடத் தொடங்குகிறதா என்னும் முழுத் தொடரையும் ஒருசேரச் சோதிப்பதே நிறைவானது.

காணப்படும் குறைகள்

மிகுதியாகக் காணப்படும் குறை, ஆய்வுக் கதவே இல்லாமை. அடைப்பான் உள்ளது, அதனை அடைய வழி இல்லை. கதவு இருந்தாலும் அதற்குக் கீழே மின்வடத் தட்டோ தெளிப்பு நீர்க்குழாயோ பின்னர் போடப்பட்டு மறித்திருக்கும். குழாய் போடுபவர், மின்பணியாளர், பொய்க்கூரை அமைப்பவர் ஆகியோர் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்களாக இருப்பதும், ஒருவர் பணி முடித்துச் சென்றபின் மற்றவர் வருவதும் இதன் காரணம்.

அடுத்தது, உருகு இணைப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. ஒருமுறை அறுந்த இணைப்புக்கு மாற்று கையிருப்பில் இல்லாதபோது, காற்று வரவேண்டும் என்ற அவசரத்தில் மடல்களைக் கம்பியால் கட்டிவிடுவர். தற்காலிகம் என்று கட்டியது நிலையாகிவிடும். கம்பி 72 பாகையில் உருகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கட்டுமானக் காலத்தில் மடல் விழாதிருக்க வைத்த மரச்சக்கை எடுக்கப்படாதிருத்தல், குழாயை இணைக்கும் திருகாணி சட்டகத்தையும் துளைத்து மடலில் முட்டுதல், குழாயினுள் இழுக்கப்பட்ட கணினி வடம் மடலைத் தடுத்தல் ஆகியவையும் இவ்வகையினவே.

அடைப்பான் நன்றாக மூடினாலும் அது நிற்கும் இடம் தவறாயின் பயனில்லை. சுவருக்குள் இருக்கவேண்டிய அடைப்பான் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் குழாயில் தொங்கினால், தீயில் குழாய் தளர்ந்து விழும்போது அடைப்பானும் உடன் விழும். சுவரில் துளை மட்டும் எஞ்சும். இதற்காகவே அடைப்பான் தன் உறையோடு சுவரில் தனியே பிணைக்கப்பட்டு, குழாய் அதனோடு எளிதில் கழன்றுவிடக்கூடிய இணைப்பால் மாட்டப்படுகிறது. உறையைச் சுற்றிய இடைவெளியை நுரைப்பஞ்சால் அடைப்பதும் பரவலான தவறு. எஃகு வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட்டு, தயாரிப்பாளர் குறித்த பொருளாலேயே அடைக்கவேண்டும்.

விதிமுறைகளும் கால இடைவெளியும்

இந்தியத் தேசியக் கட்டடக் கோவை 1970 இல் முதலில் வெளியிடப்பட்டு, 1983, 2005, 2016 ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப்பாதுகாப்பு பற்றியது. தீப்பிரிவுச் சுவரைக் குழாய் கடக்கும் இடம், செங்குத்துக் கூண்டுக்குள் குழாய் நுழையும் இடம், தளத்தைக் கடக்கும் இடம் ஆகியவற்றில் அடைப்பான் வேண்டும் என்றும், அடைப்பான் மூடும்போதே காற்றை உந்தும் விசிறிகளும் நிற்கவேண்டும் என்றும், கையால் இயக்கும் வசதியும் இருக்கவேண்டும் என்றும் கோவை கூறுகிறது. கோவை தன்னளவில் சட்டமன்று. மாநில, உள்ளாட்சி விதிகளில் ஏற்கப்படும்போதே கட்டாயமாகிறது. தமிழ்நாட்டில் 1985 ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டமும், 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நடைமுறையில் உள்ளன. இவ்விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயர்கட்டடங்களாகும். அவற்றிற்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று தேவை.

சோதனைக்கான கால இடைவெளியைப் பொருத்தவரை அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 80 நெறி 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தெளிவாக வரையறுக்கிறது: பொருத்திய ஓராண்டில் ஒருமுறை, பின்னர் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மருத்துவமனைகளில் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மருத்துவமனைக்கு நீண்ட இடைவெளி தரப்பட்டிருப்பது வியப்பாகத் தோன்றும். கூரையைத் திறப்பதால் கிளம்பும் தூசியும், நோயாளர் கூடங்களை மூடவேண்டியதன் இடையூறும், அங்குப் பராமரிப்பு ஊழியர் நிலையாக இருப்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். பிரித்தானிய வழக்கில் ஆண்டுக்கு ஒருமுறையும், தூசி மிகுந்த இடங்களில் அதனினும் அடிக்கடியும் சோதிக்கவேண்டும். இந்தியாவில் பன்னாட்டு நிறுவனங்களின் கட்டடங்கள் இவ்விரு நெறிகளுள் ஒன்றைப் பின்பற்றுகின்றன. நம் நாட்டுத் தூசியையும் ஈரத்தையும் கருதினால் ஆண்டுச் சோதனையே பொருத்தமானது.

படாளம், மாமல்லபுரம் கடற்கரை வட்டாரம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், பாலாற்றுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்த படாளம், மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். இச்சாலையை ஒட்டி மறைமலை நகர்த் தொழிற்பேட்டை, மகேந்திரா வேர்ல்டு சிட்டி, 1965 இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, பல தனியார் மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவை அமைந்துள்ளன. கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரத்துச் சுற்றுலா விடுதிகளும் கல்பாக்கம் அணுசக்தி வளாகமும் உள்ளன. முப்பது கிலோமீட்டர் எல்லைக்குள்ளாகவே அடைப்பான்களைப் பாழாக்கும் இரு வேறு சூழல்களை இங்குக் காணலாம்.

உள்பகுதியில் பகை தூசி. நெடுஞ்சாலைப் புழுதி, கல்லுடைக்கும் இடங்களின் பொடி, ஆலைப்பகுதியில் கரும்புச்சக்கையின் இழைத்தூள் போன்றவை வெளிக்காற்று உள்வாய் வழியே வந்து, வடிகட்டி சரிவரப் பேணப்படாதபோது மடல்களின் தடத்தில் படிகின்றன. மழைக்கால ஈரத்தில் அத்தூசி இறுகிப் பசைபோல் ஆகிவிடும். கடற்கரையில் பகை உப்பு. குழாய்களுக்கும் அடைப்பான்களுக்கும் பயன்படும் ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு உப்புக்காற்றில் விரைவாக அரிக்கப்பட்டு, வெண்துருவும் பின்னர்ச் செந்துருவும் தோன்றும். முதலில் கெடுவது மெல்லிய கம்பியாலான வில்லும் மடல்களின் கோப்பு மூட்டுகளுமே. வில்லும் அச்சும் துருவேறா எஃகால் ஆனவையாக இருத்தல் இங்குச் செலவு மிகுந்த ஆடம்பரம் அன்று. வெளிக்காற்று உள்வாயை ஒட்டிய அடைப்பான்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும், வில்லின் இழுவிசையைக் கவனிப்பதும் நலம். துருவை மறைக்க மடல்களின் மேல் வண்ணம் பூசுவது நிலைமையை மோசமாக்கும். மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரு அலகுகள் 1984, 1986 ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. 1971 இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்டு 1985 இல் பெயர்மாற்றம் பெற்ற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அதே வளாகத்தில் உள்ளது. இத்தகைய நிலையங்களின் தீப்பாதுகாப்புக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தனி நெறிகளை வகுத்துள்ளது. இங்குக் காற்றோட்டம் குளிர்ச்சிக்காக மட்டும் அமைவதில்லை. கதிரியக்கம் குறைந்த பகுதியிலிருந்து மிகுந்த பகுதி நோக்கியே காற்று செல்லும்படி அழுத்தம் நிலைநிறுத்தப்படுகிறது. எனவே ஓர் அடைப்பானை மூடுவது தீயைத் தடுக்கும் அதே வேளையில் காற்றின் திசையையும் மாற்றக்கூடும். எந்த அடைப்பான் எப்போது மூடவேண்டும், எது எப்போதும் மூடலாகாது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டு, சோதனையும் அந்த வரிசையிலேயே நடத்தப்படவேண்டும். சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்ட வேக ஈனுலைகளில் சோடியம் கசிந்து எரியும்போது எழும் வெண்புகை கார இயல்புடைய நுண்துகள்களால் ஆனது; அது படிந்த மடல்களையும் மூட்டுகளையும் உலர்முறையில் துடைத்தெடுத்து, மீண்டும் இயக்கிப் பார்த்தபின்னரே பயன்பாட்டுக்கு விடவேண்டும்.